கேள்வி கேட்காமல் திறந்த கோப்பு

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியில் இருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஓய்வு பெற்றபோது நான் விட்டுவிட்டு வந்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். மெயில் சர்வர் என்ற பெட்டியே இப்போது அங்கே கிடையாதாம். எல்லாம் வெளியே எங்கோ இருக்கிறது. அட்டாச்மென்ட் போகவில்லை என்றால் புகார் எண் போட்டு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

"கொஞ்ச நேரத்துல சரியாயிடும் மேடம். ஆனா ஏன் போகலன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க டைம்ல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

போனில் சொல்லி முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 1991இல் பீன்யாவில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டெலக்ஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீடு. அங்கிருந்து பீன்யாவுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சில வருடங்களில் டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, பிறகு மெயில் வந்தது. டெலக்ஸ் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போன அன்று எனக்கு இனிமேல் என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. கணினிப் பிரிவின் தலைவர் மூர்த்தி சார்தான், "வெளியூருக்குச் செய்தி அனுப்பறது இவங்களுக்குத் தெரியும். மிஷின் மட்டும்தானே வேற?" என்று சொல்லி என்னைத் தன் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார். மாலை வகுப்பில் கணினி படித்தேன். மற்றதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றதுதான்.

மூர்த்தி சார் மைசூர்க்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் கன்னடம் கலந்த தமிழ். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது "சார், மெயில் ப்ராப்ளம்" என்று கூப்பிட்டால் போவார், ஒரு ஸ்டூலை இழுத்து அவர்கள் பக்கத்தில் போட்டு உட்காருவார், இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொள்வார். அவர்கள் கீபோர்டைத் தொடவே மாட்டார். "சொல்ப தோர்சி" என்பார். கொஞ்சம் செய்து காட்டுங்கள் என்று அர்த்தம். அவர்கள் செய்யச் செய்யப் பார்த்துக்கொண்டே இருப்பார். முடிந்ததும் இரண்டு கேள்வி கேட்பார். "என்ன நடக்கணும்னு நினைச்சீங்க? என்ன நடந்துச்சு?" இந்த இரண்டுக்கும் பதில் வராமல் அவர் அங்கிருந்து எழுந்து நான் பார்த்ததில்லை.

ஒருமுறை விற்பனைப் பிரிவில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கிருந்து புனாவில் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு கொட்டேஷன் அனுப்பினார்கள். அவருக்கு அதே கொட்டேஷன் நாலைந்து தடவை போய்ச் சேர்ந்தது. அவர் போனில் கத்தினார். இங்கேயோ அனுப்பியவர் கம்ப்யூட்டரில், மெயில் போகவே இல்லை என்ற செய்தி. போகாத மெயில் எப்படி நாலு தடவை போகும்? எனக்கு அன்று மதியச் சாப்பாடே இறங்கவில்லை. அவ்வளவு ஆர்வமாக இருந்தது.

மூர்த்தி சார் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். அந்தக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு ஆன்டிவைரஸ் போட்டிருந்தோம். வெளியே போகும் ஒவ்வொரு அட்டாச்மென்ட்டையும் அது நடுவில் வாங்கி, பிரித்துப் பார்த்து, பிறகுதான் அனுப்பும். கொட்டேஷனில் படங்கள் நிறைய, கோப்பு பெரியது. ஆன்டிவைரஸ் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெயில் புரோகிராம் பொறுமை இழந்து, போகவில்லை என்று முடிவு செய்து மறுபடி அனுப்பியது. ஆன்டிவைரஸோ வாங்கிய எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்து முடித்து ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மெயில் புரோகிராம் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்தோம், சரியாகிவிட்டது. "ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையை ஒழுங்காத்தான் பண்ணியிருக்காங்க, பாருங்க" என்றார் மூர்த்தி சார்.

இரண்டாயிரமாவது ஆண்டில் காதல் கடிதம் என்ற தலைப்போடு ஒரு வைரஸ் உலகமெல்லாம் சுற்றியது. எங்கள் தொழிற்சாலைக்கும் வந்தது. மெயிலை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கம்ப்யூட்டராகச் சுத்தம் செய்தோம். அதற்குப் பிறகு சர்வரிலேயே ஒரு ஆன்டிவைரஸ் போட்டார்கள். உள்ளுக்குள் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவதை அது பார்க்காது. வெளியே போவதையும் வெளியிலிருந்து வருவதையும் பார்க்கும். எதையாவது நீக்கினால் அனுப்பியவர், பெறுபவர் இருவருக்கும் ஒரு அறிவிப்பு அனுப்பும். அந்த அறிவிப்புகள் நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தன. ஜெனரல் மேனேஜருக்குக் கோபம் வந்து, "இந்தக் குப்பையை நிறுத்துங்கள்" என்றார். மூர்த்தி சார் கொஞ்சம் தயங்கினார். பிறகு எல்லோருக்கும் நிறுத்திவிட்டார்.

அடுத்த வருடம் தனசேகர் விவகாரம் வந்தது.

தனசேகர் தரப் பரிசோதனைப் பிரிவில் இன்ஸ்பெக்டர். தர்மபுரிப் பக்கத்துக்காரர், டிப்ளமோ படித்தவர். பொம்மனஹள்ளியில் குடியிருந்தார். நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போவார். அதிகம் பேச மாட்டார். ஜெர்மனியில் ஒரு வாடிக்கையாளருக்கு நாங்கள் பம்ப் தண்டுகள் செய்து அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் சரக்கு கிளம்பும் முன் பரிசோதனை அறிக்கையை எக்செல் கோப்பாக மெயிலில் அனுப்ப வேண்டும். அதே அறிக்கையை அச்சடித்துப் பெட்டிக்குள்ளும் வைக்க வேண்டும். இரண்டையும் தயார் செய்தவர் தனசேகர். அந்த வாடிக்கையாளர் தங்கள் ஊரில் புதிய அளவீட்டு இயந்திரத்தில் பயிற்சி பெற எங்களிடமிருந்து ஒருவரை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இங்கிருந்து தனசேகர் பெயரைத்தான் கொடுத்திருந்தார்கள். அவர் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார்.

அப்போது ஜெர்மனியிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. மெயிலில் வந்த அறிக்கையை அவர்கள் அச்சடித்து அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்கள். சராசரி அளவு இருக்க வேண்டிய கட்டம் ஒவ்வொன்றிலும் பிழைக்குறி இருந்தது. ஆனால் பெட்டியில் இருந்த காகிதத்தில் எண்கள் ஒழுங்காக இருந்தன. இப்படி நடப்பது முதல் தடவை இல்லை என்றும், விளக்கம் வரும்வரை அடுத்த சரக்கு வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

தர மேலாளர் குல்கர்ணி சார் கண்டிப்பானவர். இரண்டு காகிதங்களையும் மேஜையில் அருகருகே வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். மெயில் அனுப்பும்போது தனசேகர் பாகங்களை அளக்கவே இல்லை, பெட்டிக்குக் காகிதம் வேண்டும் என்றதும் எண்களை இட்டுக்கட்டி எழுதிவிட்டார் என்பதுதான் அது. தனசேகர் தன் கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்து காட்டினார். எல்லா எண்களும் இருந்தன. "பிறகு போட்டதாக இருக்கும்" என்றார் குல்கர்ணி. தனசேகரை ஸ்டோருக்கு மாற்றினார். ஜெர்மனிப் பயணத்துக்கு வேறொரு இன்ஸ்பெக்டரின் பெயரை அனுப்பினார்.

மறுநாள் காலை தனசேகர் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மேடம், நான் அளந்தேன். எல்லாத்தையும் அளந்தேன். மெயில்ல என்னமோ ஆகுது. பாத்து சொல்ல முடியுமா?"

நான் பரிசோதனைப் பிரிவில் அவருடைய கம்ப்யூட்டருக்குப் போய், மூர்த்தி சாரைப் போலவே அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் கோப்பைத் திறந்தார், எண்கள் இருந்தன. எனக்கு அனுப்பச் சொன்னேன். என் கம்ப்யூட்டரில் திறந்தேன், அங்கேயும் இருந்தன. கோப்பில் ஏதாவது விசேஷமாகச் செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இல்ல மேடம். எல்லாரும் போடற மாதிரிதான்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

உள்ளே அனுப்பினால் சரியாக இருக்கிறது, வெளியே அனுப்பினால் என்ன ஆகிறது? அதைப் பார்க்க வேண்டுமானால் வெளியே இருந்துதான் பார்க்க வேண்டும். எனக்கு இலவச மெயில் கணக்கு ஒன்று இருந்தது. அதற்கு அந்தக் கோப்பை அனுப்பிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் தெருமுனைப் பிரவுசிங் சென்டரில் நுழைந்தேன். சுற்றிலும் கல்லூரிப் பையன்கள் அரட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்து பம்ப் தண்டு அறிக்கையைத் திறந்தேன். ஜெர்மனிக்காரர்கள் பார்த்த அதே பிழைக்குறிகள், வரிசை வரிசையாக.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக்கூடாது. ஒரு மனிதருக்கு வேலையே ஆடிக்கொண்டிருந்தது. ஆனாலும் தொலைவில் எங்கோ நடந்துகொண்டிருந்த ஒன்று இப்போது என் கண் முன்னால் நடந்தது. கெட்டுப்போன கோப்பை ஒரு ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டேன்.

காலையில் நல்ல கோப்பையும் கெட்ட கோப்பையும் என் கம்ப்யூட்டரில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். அளவு பார்த்தேன், கெட்டது கொஞ்சம் சிறியது. என்ன குறைந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை நல்ல கோப்பைத் திறக்கும்போது விரல் தன்னால் ஒரு பட்டனை அழுத்தியது. அப்போதுதான் கையை நிறுத்தினேன். எதை அழுத்தினேன்?

நல்ல கோப்பு திறக்கும்போது ஒரு கேள்வி கேட்கிறது. இதில் மேக்ரோ இருக்கிறது, இயக்கலாமா வேண்டாமா என்று. தினமும் வருகிற கேள்விகளில் ஒன்று என்று நான் படிக்காமலே ஆம் சொல்லிக்கொண்டிருந்தேன். கெட்ட கோப்பு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

மேக்ரோ என்பது எக்செல் கோப்புக்குள் எழுதி வைக்கிற சின்ன புரோகிராம். நல்ல கோப்பில் அது இருந்தது. வெளியே போன கோப்பில் இல்லை. வழியில் யாரோ எடுத்திருக்கிறார்கள். வழியில் இருந்தது சர்வரும் அதிலிருந்த ஆன்டிவைரஸும்தான்.

தேநீர் இடைவேளையில் தனசேகரைக் கேன்டீனில் பிடித்தேன்.

"மேக்ரோ யார் எழுதினது?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான்தான் மேடம். ஞாயித்துக்கிழமை கிளாஸ் போய் கத்துக்கிட்டேன்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"குல்கர்ணி சார் கையாலதான் கணக்குப் போடணும்னு சொல்லியிருக்காரு. மிஷின் போட்ட நம்பர்ல கையெழுத்து வைக்கக்கூடாதாம். ஒரு தண்டுக்கு அத்தனை அளவு எடுக்கணும் மேடம். எல்லாத்தையும் வேற ஷீட்ல போட்டு மறைச்சு வச்சுட்டு, சராசரியை மட்டும் மேக்ரோ எடுக்கற மாதிரி பண்ணேன். அது இல்லன்னா அந்தக் கட்டத்துல எரர்தான் வரும். அளந்தது நான்தான். கூட்டி வகுத்தது மட்டும்தான் அது."

அவர் கம்ப்யூட்டரில் அந்தக் கேள்வி வராதபடி அணைத்து வைத்திருந்தார். அதனால்தான் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது அது கண்ணில் படவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. அக்கவுன்ட்ஸ் பிரிவிலும் மேக்ரோ வைத்த கோப்புகள் உண்டு. அவையும் தினமும் வெளியே போகின்றன, ஒன்றும் ஆவதில்லை. தனசேகர் எழுதியதை மட்டும் ஏன் எடுக்க வேண்டும்?

சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் ஆபீஸ் காலியானதும் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மேக்ரோவில் பாதியை நீக்கினோம், என் வெளிக் கணக்குக்கு அனுப்பினோம், இன்டர்நெட்டில் போய் எடுத்துத் திறந்து பார்த்தோம். கேள்வி கேட்டால் மிச்சமிருந்த பாதியில் குற்றம் இல்லை. கேட்காமல் திறந்தால் குற்றம் அதற்குள் இருக்கிறது. குற்றம் உள்ள பாதியை மறுபடி பாதியாக்கினோம். டயல்-அப் இணைப்பு, ஒவ்வொன்றும் இறங்குவதற்குள் தனசேகர் எழுந்துபோய் ஜன்னல் அருகே நின்றுவிட்டு வருவார். கடைசியில் ஒரு சின்னத் துண்டு மிஞ்சியது.

"இது என்ன பண்ணுது?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு சரக்குக்கும் புது ஃபைல் போடணும் மேடம். மேக்ரோவை அதுல காப்பி பண்ண மறந்துடறேன். அதனால இந்த ஃபைலைத் திறந்ததும், கூட வேற ரிப்போர்ட் ஏதாவது திறந்திருந்தா அதுக்குள்ள தானே போய் காப்பி ஆயிடற மாதிரி எழுதினேன்."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வைரஸ் என்ன பண்ணும் தனசேகர்?"

"இதைத்தான் பண்ணும் மேடம்."

அவர் என்ன நினைக்கிறார் என்று புரிந்தது. பொய் அறிக்கை எழுதியவர் என்ற பெயர் போய், இப்போது வைரஸ் எழுதியவர் என்ற பெயர் வரும்.

"ஆன்டிவைரஸ் ப்ராப்ளம்னு மட்டும் சொல்லிடுங்க மேடம். இந்தத் துண்டை எடுத்துட்டா மெயில் போயிடும். மேக்ரோ மேட்டர் வேணாம்."

சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பழைய அறிக்கைகளில் எண்கள் ஏன் காணாமல் போயின என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. அதற்குப் பதில் இல்லாதவரை குல்கர்ணி தன் முடிவை மாற்ற மாட்டார். திங்கட்கிழமை இருவரும் மூர்த்தி சாரிடம் போனோம். அவர் கேட்டது அதே இரண்டு கேள்விகள்தான், இந்த முறை தனசேகரிடம். தனசேகர் மெல்ல எல்லாவற்றையும் சொன்னார்.

"குல்கர்ணிகிட்டயும் இப்படியே சொல்லுங்க. பாதி சொன்னா மீதியை அவரே கற்பனை பண்ணிப்பாரு" என்றார் மூர்த்தி சார்.

குல்கர்ணியின் அறையில் மூர்த்தி சார் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். கீபோர்டில் தனசேகர். கோப்பை அனுப்பி, வெளியிலிருந்து எடுத்து, எண்கள் காணாமல் போவதைக் காட்டினார். பிறகு அந்தத் துண்டை நீக்கி அனுப்பினார். எண்கள் வந்தன. குல்கர்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியென்றால் இவர் எழுதியது வைரஸா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

தனசேகரின் கை மவுஸிலிருந்து விலகியது.

மூர்த்தி சாரும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "வைரஸ் மாதிரி நடந்துகொண்டது. வைரஸ் இல்லை. சர்வர் அதை எடுத்தது சரி. எடுத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் தவறு. முன்பு அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்த அறிவிப்பை நிறுத்தியது நான். இவருக்கு ஒரு வரி வந்திருந்தால் முதல் தடவையே விஷயம் முடிந்திருக்கும்."

ஜெனரல் மேனேஜர் சொல்லித்தான் நிறுத்தினேன் என்று அவர் சேர்த்துச் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும், குல்கர்ணிக்கும் தெரிந்திருக்கும்.

குல்கர்ணி எழுந்தார். "வாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பரிசோதனை அறைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். நிறுத்தி வைத்திருந்த சரக்குப் பெட்டி ஒன்றைத் திறக்கச் சொல்லி, அடியிலிருந்து ஒரு தண்டைத் தானே எடுத்து, அதிலிருந்த வரிசை எண்ணை என்னிடம் சொன்னார். தனசேகரிடம் தண்டை நீட்டினார்.

தனசேகர் அதைத் துணியால் துடைத்து, மைக்ரோமீட்டரைச் சரிபார்த்து, ஒவ்வொரு இடமாக அளந்து எண்ணைச் சொன்னார். கைகள் நிதானமாக இருந்தன. இத்தனை நாளில் அவரை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை. குல்கர்ணி எழுதிக் கூட்டி வகுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோப்பிலிருந்து அச்சடித்து எடுத்துவந்த அறிக்கையில் அந்தத் தண்டின் சராசரியை நான் படித்தேன். கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தது.

இன்னொரு தண்டை எடுத்தார். அதுவும் ஒத்துப்போனது.

"பெட்டியை மூடு. சரக்கு போகட்டும். நாளையிலிருந்து நீ இங்கேதான்" என்றார் குல்கர்ணி. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அங்கே வேலையில் இருந்த எல்லோரும் கேட்கும்படி, அறிக்கைகள் சரியானவை என்று ஒருமுறை சொன்னார். ஜெர்மனிக்கு நடந்ததை விளக்கி மூர்த்தி சார் தன் பெயரில் மெயில் எழுதினார். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

பயணம் மட்டும் கைவிட்டுப் போனது. மற்றவருக்கு விசா வந்துவிட்டது. தனசேகர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசியதெல்லாம் வேறு. தேநீர் இடைவேளைதோறும் என் மேஜைக்கு வந்து, ஆன்டிவைரஸ் ஒரு மேக்ரோவைப் பார்த்து எப்படி முடிவு செய்கிறது, எந்த வரியைப் பார்த்தால் சந்தேகப்படும், எதைப் பார்த்தால் விட்டுவிடும் என்று கேட்பார். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மூர்த்தி சாருக்குத் தெரிந்ததும் சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

"என் மேக்ரோ நல்லதுதான் பண்ணுச்சு மேடம். அதைப் பாத்து சர்வர் பயந்ததும் நியாயம்தான். அப்ப நல்லது எது, கெட்டது எதுன்னு அதுக்கு எப்படித்தான் சொல்லிக் குடுக்கறது?" என்று ஒருநாள் கேட்டார். அதற்குப் பதில் இப்போதும் எனக்கு முழுதாகத் தெரியாது.

சர்வரில் அறிவிப்பை மறுபடி போட்டோம். ஆனால் அனுப்பியவருக்கு மட்டும் போகும்படி, புரிகிற மாதிரி இரண்டு வரி. அந்த வரிகளை எழுதும் வேலையை மூர்த்தி சார் என்னிடம் கொடுத்து, பலமுறை திருத்தச் சொன்னார்.

அடுத்த வருடம் தனசேகர் வேலையை விட்டார். கடைசி நாளன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனி, ஆன்டிவைரஸ் செய்கிறவர்கள், வீட்டிலிருந்து ஒரே பஸ் என்றார்.

"அங்க உங்களுக்கு என்ன வேலை?"

"வைரஸ்னு பிடிச்சு வச்சதுல எது வைரஸ் இல்லைன்னு பாக்கணும் மேடம். தப்பா பிடிச்சதை விடுவிக்கற வேலை."

"டிப்ளமோ மெக்கானிக்கலுக்கு எப்படிக் குடுத்தாங்க?"

"என் மேக்ரோவைக் காட்டினேன். அதுல எந்த வரி மாட்டுச்சு, ஏன் மாட்டுச்சுன்னு சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டிருந்தாங்க."

"மெயில்ல அனுப்பினீங்களா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"போய்ச் சேராதே மேடம். ஃப்ளாப்பியில எடுத்துக்கிட்டு நேர்லயே போயிட்டேன்."